சபையில் பேசத் தயங்கும் பேச்சு

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் நம் முன்னாள் மாணவரான பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "ஏதாவது உபயோகமா பேசுங்க தம்பி, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார். நான் மதகு, ஷட்டர், தடுப்பணை என்று டெல்டா முழுக்கச் சுற்றுகிற சிவில் இன்ஜினியர். அதனால், "கல்லணையைப் பத்திப் பேசுவீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க சார், சபையில ஆண், பெண், பாலினம், பாலீர்ப்பு இதையெல்லாம் எப்படி மரியாதையா பேசறதுன்னு பேசலாம்னு இருக்கேன்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க தம்பி, ஆனா பாத்துப் பேசுங்க" என்றார். அந்தக் கொஞ்ச நேர அமைதி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

இந்துவாக, முஸ்லிமாக இருக்கிற நண்பர்கள், "இது சர்ச் விஷயமாச்சே, நமக்கென்ன?" என்று வெளியே டீ குடிக்கக் கிளம்ப வேண்டாம். நான் சொல்வது கோயில் கமிட்டிக்கும் ஜமாத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்த இடம் சபை என்பதால் அங்கிருந்து பேசுகிறேன்.

ஏன் இப்போது?

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக வைத்திருந்தது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2014 ஏப்ரல் 15 அன்று அதே உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, மனமொத்த உறவு குற்றமில்லை என்று முடித்து வைத்தார்கள். 2023 அக்டோபரில், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

இந்த வழக்குகளில் கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். டெல்லித் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு. அதே 2009 டிசம்பரில், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம், கொல்கத்தாவில் இறையியலாளர்களைக் கூட்டி, சபைகள் இந்த மக்களை ஒதுக்காமல் அணுகுவது எப்படி என்று விவாதித்தது. 2017-ல் சபைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி நூலும் வந்தது. சி.எஸ்.ஐ.யும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்த மன்றத்தில் அங்கம். ஆனால் அந்த நூல் நம் டெல்டாவில் எத்தனை சபைகளில் பிரிக்கப்பட்டது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். விவசாயி கேட்பது, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா என்று. தீர்ப்பும் தீர்மானமும் தலைமடை. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனும் பெண்ணும் கடைமடை. அங்கே இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.

தஞ்சாவூருக்கு இது புதுசு இல்லை

"இந்த வம்பெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊர்ல கிடையாது" என்பார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது என்ற சண்டை தஞ்சாவூர்ச் சபைகளுக்குப் பழைய சண்டை. அன்று விஷயம் சாதி, இன்று விஷயம் வேறு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சபை கஷ்டமான பேச்சை எப்படிப் பேசியது, எப்படிப் பேசாமல் விட்டது என்று பார்க்க, நம் ஊரைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கினார். 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கன் என்பவர் அப்போது பெயர் பெற்ற ஊழியர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1741-ல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரும் வந்தது. அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதியார் சம்மதிக்க மாட்டார்கள் என்று, தியோகு என்பவருக்கு அபிஷேகம் கொடுத்தார்கள். மிஷனரிகள் கெட்டவர்கள் அல்ல. "இப்ப வேண்டாம், சபை உடைஞ்சிடும்" என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். இது முதல் வழி: பேசாமல் ஒத்திப்போடும் வழி. ஒத்திப்போட்டதால் சபை உடையவில்லை. ஆனால் விலை கொடுத்தது யார்? ராஜநாயக்கன்.

தஞ்சைக் கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும் தனித்தனியாக உட்காருவது நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் 1798-ல் காலமானார். பிறகு வந்த புது மிஷனரிகள் சாதியை ஒழித்தே தீர வேண்டும் என்று கிளம்பினார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 1835-ல் தானே தஞ்சாவூருக்கு வந்தார். கொள்கை சரி. இன்றைக்கு நாம் எல்லாரும் அவர் பக்கம்தான் நிற்போம். ஆனால் என்ன நடந்தது? குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்த லீப்சிக் லுத்தரன் மிஷன் பின்னால் வந்தபோது பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இது இரண்டாவது வழி: மேலேயிருந்து வரும் உத்தரவு. மூன்று நாளில் வந்த உத்தரவு மூன்று தலைமுறைக்கு மனசுக்குள் இறங்கவில்லை. தனிக் கல்லறைத் தோட்டம் இன்றும் சில ஊர்களில் இருப்பது உங்களுக்கே தெரியும்.

இந்தச் சண்டையின் நடுவில் நின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்த பெரும் புலவர், சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை. அவர் சாதியை விட மாட்டேன் என்று எழுதினார். அதில் அவர் பக்கம் நான் இல்லை. ஆனால் அவர் சொன்ன குறைகளின் பட்டியலைப் பாருங்கள். வேதத்தின் தமிழை மாற்றுகிறார்கள், பூ வைக்க வேண்டாம் என்கிறார்கள், தமிழ்ப் பாட்டைக் கோயிலில் பாடக் கூடாது என்கிறார்கள், அதோடு சாதியையும் கலக்கச் சொல்கிறார்கள் என்றார். அதாவது, திருத்த வந்தவர்கள் தவறையும் பண்பாட்டையும் ஒரே கூடையில் போட்டுக் கொட்டினார்கள். கேட்டவர்களுக்கு, "இவங்க நம்மளையே கேவலமா நினைக்கிறாங்க" என்று பட்டது. அப்புறம் நியாயமான வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

இன்னொன்று. அந்தச் சண்டையின் கடிதங்களிலும் மனுக்களிலும் பெரும்பாலும் பேசுவது மிஷனரிகளும் வேளாளர்களும்தான். யாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று சண்டையோ, அவர்களுடைய குரல் அபூர்வமாகத்தான் கேட்கிறது.

ஆகவே தஞ்சாவூர் நமக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான்: வாயை மூடுவதும் வழியில்லை, உத்தரவு போடுவதும் போதாது. மூன்றாவதாக ஒரு வழி வேண்டும். யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களும் உட்கார்ந்திருக்க, எதிர்க்கிறவரும் அவமானப்படாமல் உட்கார்ந்திருக்க, ஒருவரை ஒருவர் கேட்பது.

ஒரு நீதிபதி பாடம் படித்த கதை

இந்த மூன்றாவது வழியை நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். அவர் பிஷப் இல்லை, நீதிபதி.

2021-ல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் உடனே தீர்ப்பு சொல்லவில்லை. அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் ஓர் ஆலோசகரிடம் பேச அனுப்பினார். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். சம்பந்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் கேட்டார். அதற்குப் பிறகு 2021 ஜூன் 7 அன்று, போலீஸ் தொல்லை கூடாது, பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்யக் கூடாது, பள்ளி கல்லூரிகளில் விழிப்புணர்வு வேண்டும் என்று விரிவான உத்தரவு போட்டார். அந்த மாற்று வைத்தியத்தை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

அந்த வழக்கிலிருந்து இன்னொரு நன்மையும் வந்தது. இந்த மக்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. சொல் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். எந்த ஹாஸ்டலிலும் ஓர் எண்ணைச் சொல்லி ஒருவனைக் கூப்பிட்டால் அவன் ரூம் கதவைச் சாத்திக்கொள்வான். அது எந்த எண் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்று மரியாதையான சொல் ஒன்று கையில் இருந்தால்தான் பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

ஒரு நீதிபதி, அத்தனை அதிகாரம் கையில் இருந்தும், "தெரியலை, கத்துக்கறேன்" என்று சொல்ல முடிகிறது. நம் சேகரக் குழுவுக்கு ஏன் முடியாது?

உலகச் சபைகளின் அனுபவம்

ஆங்கிலிக்கன் சபைகளின் பிஷப்மார் 1998-ல் லாம்பெத் மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒரே பாலினத்தவர் உறவு வேதத்துக்கு ஒத்ததல்ல என்று அதில் இருக்கிறது. அதே தீர்மானத்தில், இந்த ஈர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைக் காது கொடுத்துக் கேட்போம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. முதல் பாதி எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாம் பாதியைப் பலர் மறந்தே போனார்கள்.

இங்கிலாந்துச் சபை 2013-ல் வந்த ஓர் அறிக்கைக்குப் பிறகு, வட்டாரம் வட்டாரமாக ஆட்களைக் கூட்டி நடுவர் வைத்துப் பேசிப் பார்த்தது. 2020-ல் பெரிய பாடத்திட்டம் ஒன்றும் வெளியிட்டது. பேச்சைக் கெடுக்கும் ஆறு தடைகள் என்று அவர்கள் பட்டியல் போட்டார்கள்: முன்முடிவு, மௌனம், அறியாமை, பயம், போலித்தனம், அதிகாரம். இந்தப் பட்டியலை எந்தத் தமிழ்ச் சபையின் வாசலிலும் ஒட்டலாம். இவ்வளவு பேசியும் அவர்கள் ஒத்துப்போனார்களா? இல்லை. 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையருக்கான ஜெபங்களை அனுமதித்தபோது இரண்டு பக்கமும் மனவருத்தம்தான். அதே மாதம் ரோமில், திருமணத்தைப் பற்றிய போதனை மாறாது என்று சொல்லிக்கொண்டே, வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்று அனுமதி வந்தது. அதற்கும் உலகம் முழுக்க எதிர்ப்பும் வரவேற்பும். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிற யாத்ரீகர்கள் மத்தியிலும் இரண்டு கருத்தும் இருக்கும்.

நம் தமிழ்நாட்டிலேயே, செங்கல்பட்டுப் பகுதியில் பாரதி என்ற திருநங்கை, ஈ.சி.ஐ. சபையில் போதகராக ஊழியம் செய்வதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பக்கம் இப்படி, இன்னொரு பக்கம் பேச்சே எடுக்காத சபைகள். ஆக, எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்று உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவோம். ஒத்துப்போகாமலே ஒருவரை ஒருவர் துரத்தாமல் இருக்கப் பழகத்தான் பேச்சு.

எங்கள் சபையில் செய்தது

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். தஞ்சாவூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன டவுனில் எங்கள் சபை. பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள், கொஞ்சம் ஆசிரியர்கள், கொஞ்சம் அரசு ஊழியர்கள். தவக்காலத்தில் நான்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதற்கென்று ஒதுக்கினோம். போதகர் ஐயா முதலில் தயங்கினார். "நான் நடத்தினா தீர்ப்பு கேட்க வருவாங்க தம்பி" என்றார். அது நியாயமான பேச்சு. அதனால் ரிட்டயர்ட் தலைமையாசிரியை ஒரு அம்மாவை நடத்தச் சொன்னோம். போதகர் ஐயாவும் மற்றவர்களைப் போல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மேடை, மைக் கிடையாது. மைக் இருந்தால் பிரசங்கம் வந்துவிடும். வட்டமாக நாற்காலி. முதல் வெள்ளிக்கிழமை இளைஞர்கள் தனி, பெண்கள் தனி, ஆண்கள் தனி. காரணம் உங்களுக்குத் தெரியும். பெரியப்பா எதிரில் உட்கார்ந்தால் பையன் வாய் திறக்க மாட்டான், மாமியார் எதிரில் மருமகள் பேச மாட்டாள். இரண்டாவது வாரம் எல்லாரையும் சேர்த்தோம்.

நாங்கள் வைத்த விதிகளைச் சொல்கிறேன். வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1. இங்கே கற்றதை வெளியே சொல்லலாம். யார் சொன்னார் என்பதை வெளியே சொல்லக் கூடாது.

2. யாரும் தன்னைப் பற்றி வெளிப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. யாரைப் பற்றியும் "அவன் அப்படியோ" என்று ஊகம் கூடவே கூடாது. இது மற்ற எல்லா விதிகளையும்விட முக்கியம். இந்த வட்டத்தில் யாரோ ஒருவர் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே பேச வேண்டும்.

3. "எல்லாரும் சொல்றாங்க", "ஊர்ல பேசிக்கிறாங்க" என்று ஆரம்பிக்கக் கூடாது. "நான் நினைக்கிறேன்", "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

4. ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் சுற்றில் பதில் கிடையாது.

5. பதில் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர், "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகுதான் நம் பதில். இதைப் போல ஆளை அடக்குகிற விதி வேறு இல்லை. சேகரக் குழு பட்ஜெட் கூட்டத்திலும் வைத்துப் பாருங்கள்.

6. வேத வசனத்தைக் கல் மாதிரி எடுத்து எறியக் கூடாது. எந்த வசனத்தை எடுத்தாலும் அதிகாரம் முழுவதையும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

7. கடைசியில் ஓட்டெடுப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது.

இரண்டாவது வாரம் ஒரு டாக்டர் வந்து அரை மணி நேரம் பேசினார். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோயில்லை என்று சொல்லிவிட்டது என்றார். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுமா டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார். "சரியாகாதுங்க. கட்டிக்கிட்டு வர்ற பொண்ணோட வாழ்க்கையும் சேர்ந்து போகும்" என்றார். அங்கே பல தலைகள் குனிந்தன.

மூன்றாவது வாரம் வேத வாசிப்பு. எல்லாரும் அடிக்கடி சொல்லுகிற பகுதிகளை முழுவதுமாக வாசித்தோம். அப்போது ஒன்று தெரிய வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியர், மூல கிரேக்கத்தில் அண்ணகர். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர் 'மந்திரி'. ஏசாயா 56-ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 19-லும் அண்ணகர் என்ற சொல் இருக்கிறது. இங்கே மட்டும் இல்லை. அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றா? இல்லை, காலம் வேறு, வாழ்க்கை வேறு என்று எங்கள் போதகர் ஐயாவே எச்சரித்தார். ஆனாலும், ஆலயத்துக்குள் இடம் மறுக்கப்பட்ட ஒருவர் ஆரம்பச் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றார் என்பது எத்தனை பேருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது!

அதே வாரம் ஒரு திருநங்கை சகோதரியும் வந்திருந்தார். காட்சிப் பொருளாக அல்ல. முன்கூட்டியே கேள்விகளைக் காட்டினோம், வேண்டாதவற்றை அவரே அடித்தார். உடம்பைப் பற்றி, ஆபரேஷன் பற்றி ஒரு கேள்வியும் கூடாது என்று முடிவு. போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் வருமானத்தையும் கொடுத்தோம். அவர் சொன்னதில் ஒன்று: "கோயிலுக்கு வரக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லை. பக்கத்துல வந்து உட்கார்ந்ததும் இல்லை."

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரியவர், ஐந்து ஏக்கர் விவசாயி, தெளிவாகச் சொன்னார்: "வேதம் சொல்றது எனக்குத் தெளிவா இருக்கு. அதை நான் மாத்திக்க மாட்டேன். ஆனா என் பேரன் அப்படி இருந்தான்னா அவன் எங்கிட்ட வந்து சொல்லணும், ரயில் தண்டவாளத்துக்குப் போகக் கூடாது. அதுக்கு நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க." இதைவிட நேர்மையான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. ஒரு குடும்பம், இது எங்களுக்கு ஒத்துவராது என்று வேறு சபைக்குப் போனது. போவதற்கு முன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள். 1830-களோடு ஒப்பிட்டால் அதுவே முன்னேற்றம்.

நான்காவது வாரம் ஒரு அம்மா பேசினார். அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பெயரை வாசித்து ஜெபிப்போம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பெயர் கொடுப்பார்கள். "ஆறு வருஷமா எம்பையன் பேரை நான் குடுக்கலை. குடுத்தா, எப்பக் கல்யாணம்னு கேப்பீங்க. பொய் சொல்லத் தெம்பில்லை எனக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விதிப்படி யாரும் பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியை அம்மா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதப் பட்டியலில் அந்தப் பையன் பெயர் வந்தது. போதகர் ஐயா மற்றப் பெயர்களைப் போலவே வாசித்தார். வெளியே வந்தபோது யாரும் கல்யாணக் கேள்வி கேட்கவில்லை.

நான்கு வாரத்தின் பலன் என்ன என்று கேட்டால், அந்த ஒரு பெயர்தான். கணக்கில் சின்னது. அந்த அம்மாவுக்கு ஆறு வருஷம்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

"பேச ஆரம்பிச்சா பிள்ளைங்க கெட்டுப்போகாதா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மோடு பேசுகிறார்களா என்பதுதான் கேள்வி. பேசுவதால் ஒருவருக்கு ஈர்ப்பு மாறாது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். பேசாததால் வரும் கேடு மட்டும் நிச்சயம்.

இன்னொரு பக்கத்திலிருந்து சில இளைஞர்கள் கேட்கிறார்கள்: "ஒருத்தரோட மரியாதையைப் பத்தி விவாதம் எதுக்கு? அது விவாதத்துக்கு உரிய விஷயமா?" இல்லைதான். அதனால்தான் முதல் நாளே சொன்னோம்: இந்த மனிதர்கள் மதிப்புள்ளவர்களா என்பது விவாதத்தில் இல்லை, அது முடிந்துபோன விஷயம். அவர்களோடு சேர்ந்து சபையாக எப்படி வாழ்வது என்பது மட்டுமே பேச்சு. இந்த எல்லையைப் போடாமல் பேச்சை ஆரம்பித்தால், பயந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அது விசாரணையாகிவிடும். அதைவிட ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

மாணவர்களுக்கு

கடைசியாக இன்றைய மாணவ மாணவிகளுக்கு. உங்கள் வகுப்பில், உங்கள் பாடகர் குழுவில், உங்கள் ரூமில் ஒருவர் இருக்கலாம். யாரென்று கண்டுபிடிக்க அலையாதீர்கள். கிண்டல் வரும்போது சிரிக்காமல் இருங்கள். அது போதும், அவர் உங்களைக் கவனித்துக்கொள்வார். ஒரு நாள் வந்து சொன்னால், "சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். "எங்கிட்ட சொன்னதுக்கு நன்றி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

இங்கே இருக்கிற மூத்தவர்களில் பலர் ஏதோ ஒரு குழுவில், கமிட்டியில், நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே வேண்டுகோள். வருகிற தவக்காலத்திலோ, ஆடியிலோ, ரம்ஜானிலோ, உங்கள் இடத்தில் ஒரு சாயங்காலம் வட்டமாக நாற்காலி போடுங்கள். பதிலோடு வராதீர்கள், ஒரு கடிகாரத்தோடு வாருங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் விதிகள் வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.

செயலாளர் வாட்ச்சைப் பார்க்கிறார். சாம்பார் மணமும் வருகிறது.